பிள்ளைங்க கிளாஸ்ல எப்படி கத்துக்கறாங்க? தமிழ், தெலுங்கு ரெண்டும் பேசற நம்ம எல்லைப் பக்கத்து டீச்சருங்க, அப்பா அம்மாங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

திருவள்ளூர் மாவட்டத்துல ஆந்திரா எல்லை ஓரமா இருக்கற பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை, இந்தப் பக்கம் ஒண்ணாம் கிளாஸ் வாசல்ல போய் நின்னா ரெண்டு பாஷை காதுல விழும். டீச்சர் கிட்ட தமிழ், பக்கத்துல உக்காந்திருக்கற பிள்ளை கிட்ட தெலுங்கு, பல்பத்துக்கு சண்டை வந்தா ரெண்டும் கலந்து. 1960 ஏப்ரல் 1 வரைக்கும் இந்த ஊருங்க எல்லாம் ஆந்திராவோட சித்தூர் மாவட்டம் தான், கோடு மாறிடுச்சு, வீட்டுப் பேச்சு அப்படியே நின்னுடுச்சு. அந்தப் பக்கம் நகரி, புத்தூர், சத்தியவேடு போனா இதே கதை தலைகீழா இருக்கும், வீட்ல தமிழ், ஸ்கூல்ல தெலுங்கு.

நான் இந்தப் பக்கம் இடைநிலை ஆசிரியர். புதுசா போஸ்டிங் வாங்கிட்டு வர்ற டீச்சருங்க, சாயங்காலம் தெருவுல பிள்ளைங்கள உக்கார வெச்சு சொல்லிக் குடுக்கற அக்காங்க, அப்புறம் "நோட்டுல ஒண்ணுமே எழுதல, அப்போ கிளாஸ்ல என்ன தான் நடக்குது"ன்னு கேட்டுட்டு வர்ற அப்பா அம்மாங்க, இவங்க மூணு பேருக்கும் தான் இது. பத்து படியா சொல்லப் போறேன், எல்லாப் படிக்கும் அடியில நான் நம்பறது ஒண்ணு தான்: டீச்சர் பேசப் பேச பிள்ளை கத்துக்கும்னு நினைக்காதீங்க, பிள்ளை தன் மண்டையில இருக்கறத தேடி எடுத்து வெளிய வெக்கும்போது தான் கத்துக்குது, அது வெச்சத நாம பாக்கணும், பாத்துட்டு தான் அடுத்தத சொல்லணும். இத எப்படி செய்யறதுன்னு வரிசையா சொல்றேன்.

முதல் படி: பிள்ளை என்ன கொண்டு வந்திருக்குன்னு பாருங்க

ஜூன்ல ஸ்கூல் திறந்த உடனே 'அ' போட ஆரம்பிக்காதீங்க. முதல் வாரம் பேச விடுங்க. ஒரு பெரிய படம் மாட்டுங்க, சந்தை படமோ கோயில் திருவிழா படமோ, நம்ம ஊருக்கு திருத்தணி ஆடிக் கிருத்திகை காவடி படம் போதும், எந்தப் பிள்ளையும் வாய மூடாது. "இதுல என்னென்ன இருக்கு?"ன்னு கேளுங்க. எவன் தமிழ்ல சொல்றான், எவ தெலுங்குல சொல்றா, எவன் விரல் மட்டும் நீட்டறான், எல்லாத்தையும் ஒரு நோட்டுல குறிச்சு வெச்சுக்கோங்க.

இங்க தான் புது டீச்சருங்க தடுமாறுவாங்க. "எத்தனை பூ இருக்கு?"ன்னா ஒரு பிள்ளை "மூடு"ங்கும். தெலுங்குல அது மூணு. டீச்சருக்கு தெரியலன்னா என்னடா வாய மூட சொல்றான்னு நினைச்சு முறைப்பாங்க, அந்தப் பிள்ளை அன்னையில இருந்து பதிலே சொல்லாது. கணக்கு சரி, பாஷை மட்டும் வேற. அந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது. "ஆமாண்டா, மூணு பூ, எல்லாரும் சொல்லுங்க மூணு"ன்னு தமிழ்ல திருப்பி குடுத்துட்டு போய்ட்டே இருங்க, திட்டவும் வேணாம், தெலுங்கு பேசாதன்னு சொல்லவும் வேணாம். உங்களுக்கு தெலுங்கு வராதுன்னா நாலாவது அஞ்சாவது படிக்கற ஒரு பிள்ளைய கூப்ட்டு பக்கத்துல வெச்சுக்கோங்க, அதுக்கும் பெருமை, உங்களுக்கும் வேலை சுலபம்.

சட்டத்துலயே இதுக்கு இடம் இருக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டம் முடிஞ்ச வரைக்கும் தாய்மொழியில சொல்லிக் குடுங்கன்னு தான் சொல்லுது. இன்னொரு பக்கம் தமிழ்நாட்டுல 2006ல வந்த தமிழ் கற்றல் சட்டப்படி எல்லாப் பிள்ளையும் தமிழ் படிச்சே ஆகணும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரின்னு நினைக்கறவங்க இருக்காங்க, கிளாஸ்ரூம்ல அப்படி ஒண்ணும் இல்ல, தெலுங்குல யோசிச்சு தமிழ்ல சொல்றது ஒரு பிள்ளைக்கு பெரிய கஷ்டமே கிடையாது, நாம நேரம் குடுத்தா.

இன்னொண்ணு, வீட்ல தமிழ் பேசற பிள்ளைக்கு இந்தப் பிரச்சனை இல்லன்னு நினைச்சுடாதீங்க. "நாய் ஓடிச்சு"ன்னு பேசற பிள்ளைக்கு புக்குல "நாய் ஓடியது"ன்னு இருக்கும். "கீது"ன்னு சொல்ற வீட்ல இருந்து வந்து "இருக்கிறது" படிக்கணும். புக்குத் தமிழ் அதுக்கும் கால்வாசி புது பாஷை தான். அதனால கதைய முதல்ல பேச்சுல சொல்லுங்க, அப்புறம் புக்குல இருக்கற மாதிரி வாசிச்சுக் காட்டுங்க, ரெண்டும் ஒரே கதைன்னு பிள்ளைக்கு தானா பிடிபடும்.

ரெண்டாவது படி: வயிறு, கண்ணு, காது

சுருக்கமா முடிச்சுடறேன். பசியில பிள்ளைக்கு எதுவும் ஏறாது, அதுக்கு இப்ப காலை உணவு இருக்கு, 2022 செப்டம்பர்ல மதுரையில ஆரம்பிச்சு 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்துடுச்சு, மதியம் சத்துணவு. காலையில லேட்டா வர்ற பிள்ளை அத விட்டுடும், அத மட்டும் கவனிங்க. போர்டுல இருக்கறத பக்கத்து சிலேட்டப் பாத்து எழுதற பிள்ளைய காப்பி அடிக்குதுன்னு சொல்றதுக்கு முன்னாடி முன் வரிசையில உக்கார வெச்சுப் பாருங்க, பாதி நேரம் கண்ணு தெரியாம இருக்கும். கூப்ட்டா திரும்பாத பிள்ளைக்கு காது பாக்கணும், சளி பிடிச்சு காதுல சீழ் வர்ற பிள்ளைங்க நம்ம பக்கம் ஜாஸ்தி.

மூணாவது படி: ஒரு நேரத்துல கொஞ்சமா

இது தான் எல்லாத்துக்கும் அடிப்படை, அதனால கொஞ்சம் நின்னு படிங்க. மனுஷன் மண்டையில ரெண்டு விதமா ஞாபகம் வேலை செய்யுது. ஒண்ணு நீண்ட நாள் ஞாபகம், அதுக்கு அளவே இல்லன்னு வெச்சுக்கலாம். இன்னொண்ணு இப்ப இந்த நிமிஷம் யோசிக்கறதுக்கு பயன்படற ஞாபகம், அது சிலேட்டு மாதிரி, புதுசா எழுதணும்னா பழசை அழிச்சாகணும். 1956ல ஜார்ஜ் மில்லர்ங்கற உளவியல் ஆளு இதுல ஏழு விஷயம், ரெண்டு கூட குறைய, நிக்கும்னு எழுதினாரு, 2001ல நெல்சன் கோவன் அதெல்லாம் இல்ல, நாலு தான்னு குறைச்சாரு. இது பெரியவங்களுக்கு. ஆறு வயசு பிள்ளைக்கு இன்னும் கம்மி.

இப்ப ஒரு டீச்சர் சொல்றத யோசிச்சுப் பாருங்க: "எல்லாரும் புக்க எடுத்து பதினெட்டாம் பக்கம் திறந்து ரெண்டாவது படத்துக்கு கீழ இருக்கற வார்த்தைய நோட்டுல மூணு தடவ எழுதி என்கிட்ட காட்டிட்டு போய் உக்காருங்க." பிள்ளை புக்க எடுக்கும், அவ்ளோ தான், மீதி எல்லாம் போச்சு. அப்புறம் "சொன்னத கேக்கவே மாட்டேங்குது"ன்னு புகார். புக்க எடுங்கன்னு சொல்லி எல்லாரும் எடுக்கற வரைக்கும் நில்லுங்க, அப்புறம் பக்கம், அப்புறம் படம்.

பாடத்துக்கும் இதே தான். ஒரு பிள்ளை ஒரு வார்த்தைய எழுத்தெழுத்தா யோசிச்சு தேடிட்டு இருக்கும்போது வாக்கியத்துக்கு அர்த்தம் என்னன்னு அதால யோசிக்கவே முடியாது, இடமே இல்ல. எழுத்து கண்ணுல பட்ட உடனே வாய்ல வர்ற அளவுக்கு பழகிட்டா தான் அர்த்தத்துக்கு இடம் கிடைக்கும். வாய்ப்பாடும் அதே மாதிரி. "மனப்பாடம் பண்ண வைக்காதீங்க, புரிய வைங்க"ன்னு ட்ரெயினிங்ல சொல்லுவாங்க, எனக்கு அதுல முழு உடன்பாடு இல்ல. புரிஞ்சதுக்கு அப்புறம் பழகி பழகி தானா வர்ற மாதிரி ஆக்கணும், அது இல்லாம மேல கட்ட முடியாது.

நாலாவது படி: எழுத்துக்கு முன்னாடி சத்தம்

எழுத்துங்கறது சத்தத்துக்கு போட்ட அடையாளம், சத்தமே பிரிச்சுக் கேக்கத் தெரியாத பிள்ளைக்கு அடையாளம் காட்டி என்ன பிரயோஜனம். ரெண்டு வாரம் சத்தம் மட்டும் வெச்சு விளையாடுங்க. பேரைச் சொல்லி கை தட்டறது (க-வி-தா, மூணு தட்டு), 'ப'ல ஆரம்பிக்கற சாமான் கிளாஸ்ல எது எதுன்னு தேடறது, "படம், பழம், கல்லு" இதுல எது சேரலன்னு கேக்கறது. பாட்டு நிறைய பாடுங்க. செலவே இல்ல. தெலுங்குப் பிள்ளைங்களும் இதுல சமமா விளையாடும், அர்த்தம் தெரியாட்டியும் சத்தம் கேக்குது இல்ல.

அஞ்சாவது படி: எழுத்து

247 எழுத்துன்னு சொல்லி பிள்ளைய பயமுறுத்தாதீங்க. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், 1 ஆய்தம், கணக்கு சரி தான், ஆனா 216ஐயும் தனித்தனியா கத்துக்க வேண்டியது இல்ல. அகர வரிசை 18 தெரிஞ்சுட்டு துணைக்கால், கொம்பு, இரட்டைக் கொம்பு, சுழின்னு குறி என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சா பாக்கி எல்லாம் தானா வரும். வராத ஒரு இடம் உகரமும் ஊகாரமும். கு, சு, டு, து, மு, ரு... பாருங்க, ஒண்ணொண்ணும் ஒரு தினுசா வளையும். அதுக்கு ஸ்பெஷலா நாள் ஒதுக்குங்க, அத மத்ததோட சேத்து ஓட்டினா எல்லாம் குழம்பும்.

அ, ஆ, இ, ஈ வரிசையில ஆரம்பிக்கறதா? பாட்டா பாடறதுக்கு அந்த வரிசை அழகா இருக்கும், படிக்கறதுக்கு உதவாது. உயிரெழுத்து பன்னெண்டும் முடிச்சாலும் பிள்ளையால 'ஆ', 'ஈ' தவிர உருப்படியா ஒரு வார்த்தை படிக்க முடியாது. ட, ப, ம மூணும் காட்டி மேல புள்ளி வெச்சா என்ன ஆகும்னு சொல்லிட்டா அந்த வாரமே படம், மடம், பட்டம், பட படன்னு வந்துடும். தானா ஒரு வார்த்தைய படிச்சுட்ட பிள்ளையோட முகம் இருக்கே, அதுக்கப்புறம் நீங்க சொல்ல வேண்டியதே இல்ல, செவுத்துல, பஸ்ல, பிஸ்கெட் கவர்ல எல்லாம் 'ப' தேடிட்டு இருக்கும்.

நம்ம ஏரியாவுக்குன்னு சில தப்பு இருக்கு, அத தெரிஞ்சு வெச்சுக்கோங்க:

- "பால்"ஐ "பாலு"ன்னு எழுதும், "கண்"ஐ "கண்ணு". பேச்சுத் தமிழ்லயும் அப்படித்தான், தெலுங்குலயும் அப்படித்தான், பாவம் அந்தப் பிள்ளை காதுல விழுந்தத சரியா எழுதியிருக்கு. கடைசியில புள்ளி வர்ற எழுத்த தனியா பழக்கணும்.
- தெலுங்குல ழ கிடையாது. "பழம்" "பளம்" ஆகும். அடிக்காதீங்க, தமிழ் வீட்டுப் பிள்ளைங்க மட்டும் என்ன ஒழுங்கா சொல்லுதுங்களா. வார்த்தைய முழுசா பாத்து ஞாபகம் வெச்சு எழுதறது தான் வழி.
- தமிழ்ல ஒரே 'க' மூணு விதமா ஒலிக்கும் (கடல், தங்கம், பகல்), தெலுங்குல தனித்தனி எழுத்து உண்டு. வீட்ல அக்கா தெலுங்கு எழுத்து சொல்லிக் குடுத்திருந்தா பிள்ளை "இதுக்கு வேற எழுத்து எங்க"ன்னு கேக்கும். நல்ல கேள்வி, பாராட்டிட்டு சொல்லுங்க.
- ன, ண, ந மூணையும் ஒரே நாள்ல காட்டாதீங்க. ஒண்ணு நல்லா உக்காந்த பிறகு அடுத்தது.

ஆறாவது படி: படிக்குதா, ஒப்பிக்குதா?

கோரஸா கத்தி படிக்கறத பாத்து ஏமாறாதீங்க. இருவது பிள்ளைங்க சேர்ந்து "அணில் மரத்தில் ஏறியது"ன்னு கத்தும்போது அதுல அஞ்சு பேர் படிப்பாங்க, மத்தவங்க அவங்கள கேட்டு கால் நொடி தள்ளி கத்துவாங்க. அதுவும் படம் பாத்தே பாதி சொல்லிடும். சோதிக்கறதுக்கு சுலபமான வழி, படத்த கையால மறைச்சுட்டு கடைசி வரியில இருந்து மேல வாசிக்கச் சொல்லுங்க. இல்ல, நடுவுல இருந்து ஒரு வார்த்தைய தொட்டு இது என்னன்னு கேளுங்க. மனப்பாடம் பண்ண பிள்ளை மொதல்ல இருந்து விரல ஓட்டிட்டே முணுமுணுத்துட்டு வரும், அப்பவே தெரிஞ்சுடும். இத தனித்தனியா பண்ணணும், ஒரு பிள்ளைக்கு ரெண்டு நிமிஷம், ஒரு நாளுக்கு அஞ்சு பேர்னு வெச்சா வாரத்துல ஒரு ரவுண்டு முடிஞ்சுடும்.

அடுத்து வேகம். 2021ல மத்திய அரசு கொண்டு வந்த நிபுண் பாரத்ங்கற அடிப்படைக் கல்வித் திட்டத்துல மூணாம் கிளாஸ் முடிக்கும்போது நிமிஷத்துக்கு 60 வார்த்தையாவது புரிஞ்சு படிக்கணும்னு இலக்கு. தமிழுக்கு இது கொஞ்சம் அநியாயம்னு நான் நினைக்கறேன், இங்கிலீஷ்ல நாலு வார்த்தையா வர்றது நமக்கு "வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள்"னு ரெண்டே வார்த்தையில அனகோண்டா மாதிரி நீளும். எண்ணிக்கைய விட்டுட்டு திக்காம படிக்குதா, படிச்சத தன் பேச்சுல சொல்லுதான்னு பாருங்க. தெலுங்குல சொன்னாலும் மார்க் போடுங்க, புரிஞ்சிருக்கு இல்ல. தமிழ்ல சொல்றது அடுத்த கட்டம்.

நம்ம தமிழ்நாட்டுல 2022 ஜூன்ல ஆரம்பிச்ச எண்ணும் எழுத்தும் திட்டத்துல பாடல் களம், கதைக் களம், படித்தல் களம்னு கிளாஸ பிரிச்சு வெச்சிருக்காங்க. ஆரம்பிச்சது நம்ம திருவள்ளூர் மாவட்டத்துல தான். மொதல்ல 1 முதல் 3 வரைக்கும், அப்புறம் 4, 5க்கும் வந்துச்சு. கதைக் களத்த மட்டும் எந்தக் காரணத்துக்கும் விடாதீங்க, எமிஸ்ல (ஸ்கூல் விவரம் பதியற அரசு இணையதளம்) எதையாவது ஏத்தணும்னு போன கையில வெச்சுட்டு உக்காந்தா முதல்ல அடிபடறது கதை தான்.

ஏழாவது படி: கணக்கு

எண்ணத் தெரியுதுன்னா என்ன? ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நூறு வரைக்கும் ஒப்பிக்கற பிள்ளை முன்னாடி பன்னெண்டு புளியங்கொட்டைய கொட்டி "எத்தனை?"ன்னு கேளுங்க. சில பிள்ளை ஒரு கொட்டைய ரெண்டு தடவ தொடும், சிலது விட்டுடும். சரியா எண்ணி முடிச்ச பிள்ளை கிட்ட உடனே "அப்போ மொத்தம் எத்தனை?"ன்னு திருப்பிக் கேளுங்க, திரும்ப மொதல்ல இருந்து எண்ண ஆரம்பிச்சா கடைசியா சொன்ன எண் தான் மொத்தம்னு அதுக்கு இன்னும் புரியலன்னு அர்த்தம். இது ரெண்டும் சரியாகாம கூட்டலுக்கு போகாதீங்க. மனசுக்குள்ள ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகுன்னு எண்ணினா எண்ணட்டும்.

ஜெரோம் ப்ரூனர்னு ஒரு அமெரிக்க உளவியல் அறிஞர் 1960கள்ல சொன்னது தொடக்கப் பள்ளி கணக்குக்கு இன்னைக்கும் ஓடுது: முதல்ல கையில பொருள், அப்புறம் படம், கடைசியா எண். நாம என்ன பண்றோம்னா மூணாவதுல ஆரம்பிக்கறோம்.

இடமதிப்பு தான் பெரிய பள்ளம். "நூத்தி மூணு எழுது"ன்னா 1003ன்னு எழுதும். நூறு எழுதிட்டு பக்கத்துல மூணு எழுதியிருக்கு, காதுல விழுந்த வரிசையில சரியா தான் எழுதியிருக்கு. தீக்குச்சிய பத்து பத்தா ரப்பர் பேண்ட் போட்டு கட்டுங்க, பத்து கட்ட சேத்து ஒரு பெரிய கட்டு. பெரிய கட்டு ஒண்ணு, சின்ன கட்டு ஒண்ணும் இல்ல, உதிரி மூணு. அந்த "ஒண்ணும் இல்ல"க்கு தான் நடுவுல சைபர்னு கையால தொட்டு பாத்தா மறக்காது.

கழித்தல் பாருங்க. 52ல இருந்து 37 போனா 25ன்னு ஒரு பிள்ளை எழுதுது. கவனக்குறைவுன்னு சிவப்பு இங்க்ல சுழிச்சு விட்டா ஒண்ணும் ஆகாது. எப்படி வந்துச்சுன்னு கேளுங்க. அஞ்சுல மூணு போனா ரெண்டு, அப்புறம் ரெண்டுல ஏழு போகாது, அதனால ஏழுல ரெண்டு போனா அஞ்சு. பெருசுல இருந்து சின்னத கழிக்கணும்னு யாரோ சொன்னத அது சட்டமா பிடிச்சுகிட்டு இருக்கு. அதே பிள்ளை 64ல 28 குடுத்தா 44ன்னு எழுதும், நீங்க முன்னாடியே சொல்லிடலாம். தப்புக்குள்ள ஒரு விதி ஓடிட்டு இருக்கு, அந்த விதிய கண்டுபிடிச்சா தான் திருத்த முடியும். மறுபடி தீக்குச்சி கட்டு அஞ்சு, உதிரி ரெண்டு, இதுல முப்பத்தேழு எடுத்துக் குடுன்னு சொல்லுங்க, உதிரி பத்தலன்னு தெரிஞ்சதும் பிள்ளையே ஒரு கட்ட பிரிக்கும், அப்ப தான் "கடன் வாங்கறது"ன்னா என்னன்னு அதுக்கு புரியும்.

இன்னொரு வேடிக்கை. அம்மா கூட சந்தையில காய்கறி கடையில உக்கார்ற பிள்ளை, அம்பது ரூபா குடுத்தா பதினேழு ரூபா போக மீதிய டக்குனு எண்ணிக் குடுக்கும், அதே கணக்க போர்டுல போட்டா முழிக்கும். நம்ம ஊர்ல மட்டும் இல்ல, 1985லயே பிரேசில்ல தெருவுல வியாபாரம் பண்ற பசங்கள வெச்சு இத ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க, 2025ல அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழு கொல்கத்தா, டெல்லி சந்தைங்கள்ல பாத்தும் அதே தான் வந்துச்சு, ஸ்கூல் பிள்ளைங்களுக்கு தலைகீழா, நோட்டுக் கணக்கு வருது சந்தைக் கணக்கு வரல. ரெண்டும் தானா ஒட்டிக்காது, நாம தான் ஒட்டணும். அந்தப் பிள்ளைய கூப்ட்டு நீ மீதி எப்படி குடுத்தேன்னு எல்லாருக்கும் சொல்லச் சொல்லுங்க. பதினேழோட மூணு சேத்தா இருவது, முப்பது சேத்தா அம்பது, அப்போ முப்பத்தி மூணு. இத அப்படியே போர்டுல எழுதுங்க.

எட்டாவது படி: ரெண்டு டீச்சர், அஞ்சு கிளாஸ்

எல்லையோர ஊராட்சி ஒன்றிய பள்ளிங்கள்ல பல ஈராசிரியர் பள்ளி தான். கல்வி உரிமைச் சட்டப்படி அறுவது பிள்ளை வரைக்கும் ரெண்டு டீச்சர். அதுல ஹெச்.எம்.மும் ஒருத்தர், அவருக்கு மீட்டிங் வந்தா அன்னைக்கு நீங்க ஒரே ஆள். இங்க கிளாஸ் வாரியா பாடம் எடுக்கறது நடக்காத வேலை.

இதுக்கு வழி நம்ம பக்கத்துலயே பிறந்தது. மதனப்பள்ளி கிட்ட ரிஷிவேலின்னு பள்ளி இருக்கு, அவங்க சுத்துப்பட்டு கிராமத்து ஓராசிரியர் பள்ளிங்களுக்காக பாடத்த சின்ன சின்ன அட்டையா பிரிச்சு, ஏணி மாதிரி வரிசை போட்டு, ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில இருந்து ஏறற மாதிரி பண்ணாங்க. அத பாத்துட்டு தான் 2003ல சென்னை மாநகராட்சி பள்ளிங்கள்ல செயல்வழிக் கற்றல் ஆரம்பிச்சு 2007 வாக்குல தமிழ்நாடு முழுக்க வந்துச்சு. அப்ப படிச்ச பிள்ளைங்களுக்கு இப்பவும் அந்த அட்டையில இருந்த யானை, முயல் படம் எல்லாம் ஞாபகம் இருக்கும். அதுல குறையும் இருந்துச்சு, அட்டை தொலைஞ்சா ஏணியில ஒரு படி போச்சு, டீச்சர் பேசறதே குறைஞ்சு போச்சுன்னும் சொன்னாங்க. ஆனா பிள்ளை எந்தக் கிளாஸ்ல இருக்குங்கறத விட எந்த நிலையில இருக்குன்னு பாருன்னு சொன்னது சரி. இப்ப எண்ணும் எழுத்தும் திட்டத்துல பிள்ளைங்கள நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர்னு பிரிக்கறதும் அதே எண்ணம் தான்.

நடைமுறையில இப்படி ஓட்டலாம்: மூணு குழு. ஒரு குழு உங்க கூட புதுசு கத்துக்கும், ரெண்டாவது குழு நேத்து கத்துக்கிட்டத சிலேட்டுல பழகும், மூணாவது குழு ஜோடி ஜோடியா ஒருத்தர் வாசிக்க ஒருத்தர் கேக்கணும். இருவது நிமிஷத்துக்கு ஒரு தடவ மாத்துங்க. புதுசு எப்பவும் உங்க கூட தான், தனியா இருக்கற குழுவுக்கு தெரிஞ்ச வேலை மட்டும் குடுங்க, இத மாத்தி செஞ்சா சண்டையும் சத்தமும் தான் மிஞ்சும். குழுவ நிரந்தரமா வெக்காதீங்க, மாசா மாசம் பாத்து மாத்துங்க, இல்லன்னா அரும்புல உக்காந்த பிள்ளை தன்ன மக்குன்னு முடிவு பண்ணிடும்.

ஒன்பதாவது படி: கேள்வி கேட்டுட்டு சும்மா இருங்க

"புரிஞ்சுதா?"ன்னு கேட்டா "புரிஞ்சுது டீச்சர்"னு தான் வரும், உலகம் முழுக்க. அத கேக்கறதையே விட்டுடுங்க. எல்லாரும் சிலேட்டுல எழுதி ஒரே நேரத்துல தூக்கிக் காட்டச் சொல்லுங்க, அஞ்சு செகண்ட்ல யாருக்கு புரியலன்னு கண்ணுக்கு தெரியும்.

மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க கல்வி ஆராய்ச்சியாளர் 1970கள்ல கிளாஸ் கிளாஸா டேப் பண்ணி பாத்தப்ப டீச்சருங்க கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு செகண்ட் தான் காத்திருக்காங்கன்னு தெரிஞ்சுது. மூணு செகண்டுக்கு மேல காத்திருந்தா பதில் நீளமா வருது, நிறைய பிள்ளைங்க பேசுது. நம்ம பிள்ளைக்கு கேள்விய தமிழ்ல கேட்டு, தெலுங்குல யோசிச்சு, திரும்ப தமிழ்ல கொண்டு வரணும், அஞ்சாறு செகண்ட் ஆகும். அதுக்குள்ள "சொல்லு சொல்லு"ன்னா வந்த பதிலும் உள்ள போய்டும். கேட்டுட்டு மனசுக்குள்ள எண்ணிட்டு நில்லுங்க, யாரு சொல்லணும்னு பேர கடைசியா சொல்லுங்க, முதல்லயே பேரு சொன்னா மத்தவங்க யோசிக்கறத நிறுத்திடுவாங்க.

பத்தாவது படி: மறக்கத் தான் செய்யும்

1885லயே ஹெர்மன் எபிங்ஹாஸ்னு ஒருத்தர் அர்த்தமில்லாத அசைங்கள மனப்பாடம் பண்ணி தன் மேலயே சோதிச்சு, மறதி ஆரம்பத்துல வேகமாவும் அப்புறம் மெதுவாவும் நடக்குதுன்னு காட்டினாரு. பொங்கல் லீவு முடிஞ்சு வந்தா பாதி காலியா இருக்கறது பிள்ளையோட குத்தம் இல்ல. மறக்கற நேரத்துல தேடி எடுத்தா தான் கெட்டிப்படும். 2006ல ரோடிகர், கார்ப்பிக்கேன்னு ரெண்டு பேர் காலேஜ் பசங்கள வெச்சு பாத்தாங்க, திரும்பத் திரும்ப படிச்சவங்கள விட புக்க மூடிட்டு நினைவுபடுத்தி எழுதினவங்களுக்கு ஒரு வாரம் கழிச்சு அதிகம் ஞாபகம் இருந்துச்சு. சின்னப் பிள்ளைங்களுக்கு இத இப்படி செய்யலாம்: தினமும் முதல் பத்து நிமிஷம் புக்கு, போர்டு ரெண்டும் இல்லாம நேத்து என்ன, போன வாரம் என்ன, போன மாசம் என்னன்னு ஒண்ணொண்ணா கேக்கறது. மார்க் கிடையாது, தெரியலன்னா திட்டும் கிடையாது. ஒரே எழுத்த அம்பது தடவ எழுதற இம்போசிஷன் இதுக்கு பதிலாகாது, பத்தாவது தடவைக்கு மேல கை மட்டும் தான் ஓடுது.

வீட்ல இருக்கறவங்களுக்கு

நம்ம பக்கம் நிறைய வீட்ல தறி ஓடுது, அந்த சத்தத்துல பிள்ளைய படின்னு உக்கார வெக்கறது கஷ்டம்னு தெரியும். அப்பா அம்மாவுக்கு படிக்கத் தெரியாட்டி பரவால்ல. "இன்னைக்கு டீச்சர் சொன்ன கதைய எனக்கு சொல்லு"ன்னு தெலுங்குலயே கேளுங்க, தெலுங்குல சொல்லட்டும். தமிழ்ல கேட்டத தெலுங்குல சொல்லணும்னா முழுசா புரிஞ்சிருக்கணும், அத விட நல்ல வீட்டுப்பாடம் எனக்கு தெரியல. பாட்டிங்க சொல்லிக் குடுக்கும்போது ஒண்ணு கவனிங்க, அவங்க படிச்ச காலத்துல ணை, லை, னை எல்லாம் வேற வடிவம், 1978ல தான் இப்ப இருக்கற மாதிரி மாத்துனாங்க. பிள்ளை அத ஸ்கூல்ல எழுதினா டீச்சர் தப்புன்னு அடிச்சுடுவாங்க, ரெண்டு பேரும் பேசிக்கோங்க.

கடைசியா, மேல சொன்னது எல்லாம் பண்ணியும் நகராத பிள்ளைங்க உண்டு. எழுத்த கண்ணாடியில பாக்கற மாதிரி திருப்பி எழுதறது ஆறு ஏழு வயசுல சகஜம், அதுக்கு பயப்பட வேணாம். வீட்டு பாஷை வேறங்கறதால முதல் வருஷம் மெதுவா போறதும் சகஜம், அது குறைபாடு இல்ல. ஆனா மூணாம் கிளாஸ் பாதி தாண்டியும் ரெண்டு எழுத்து வார்த்தை வரல, தன் வீட்டு பாஷையிலயும் ரைம் பிடிக்கத் தெரியல, வாய்ல பளிச்சுனு பதில் சொல்ற பிள்ளை பேப்பர்ல மட்டும் தவிக்குதுன்னா வட்டார வள மையத்துல சிறப்பு ஆசிரியர் இருப்பாங்க, ஹெச்.எம். கிட்ட சொல்லி பாக்கச் சொல்லுங்க. கற்றல் குறைபாடு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல பேரோட இருக்கு, அதுக்கேத்த வசதி கேக்க உரிமை உண்டு. போகும்போது மார்க் ஷீட்ட மட்டும் எடுத்துட்டு போகாதீங்க, ஜூன்ல எழுதின நோட்டு ஒண்ணு, இப்ப எழுதின நோட்டு ஒண்ணு, பிள்ளை தப்பு விட்ட பக்கமா பாத்து எடுத்துட்டு போங்க, அங்க அவங்க முதல்ல கேக்கறது அதத்தான்.